சிறந்த பார்வையாளர்

"இத்தனை கோடியைக் கொட்டிக் கட்டினாங்க, ஒரு ஈ காக்காகூட எட்டிப் பாக்கலைன்னு பேப்பர்ல கிழிச்சு வெச்சிருக்கான்யா." நினைவுச்சின்னத்தின் மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சார், அந்தத் தையல்காரம்மா இருக்காங்களே," என்றார் டிக்கெட் கொடுப்பவர். "ரெண்டு வருஷமா ஒருநாள் தவறாம டிக்கெட் எடுத்து வர்றாங்க. அணையாச் சுடர் முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னுட்டுக் கடைக்குப் போயிடுவாங்க."

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே 'சிறந்த பார்வையாளர்' என்று சான்றிதழ் அச்சடித்து, நிருபர்களையும் வரவழைத்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா, இங்க உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று மைக்கை நீட்டினார்.

"அந்தச் சுடர்தாங்க."

"பாத்தீங்களா, இதுதான் நாட்டுப்பற்று," என்று நிருபர்கள் பக்கம் திரும்பிப் பூரித்தார் மேலாளர். "அதைப் பாத்தா மனசுல என்னம்மா தோணும்?"

தையல்காரம்மா சுடர் பக்கம் கையைக் காட்டினார்.

"இதைக் கட்டறதுக்கு எங்க தெருவையே இடிச்சாங்க இல்லீங்களா? இப்ப அந்தச் சுடர் எரியுது பாருங்க, அங்கதான் எங்க வீட்டு அடுப்பு இருந்துச்சு. எரியுதான்னு ஒரு எட்டுப் பாக்கலைன்னா, கடையில எனக்குக் கை ஓட மாட்டேங்குதுங்க."