முப்பதாவது ஆல்பம்

விக்ரம் ஒத்தக்கடையிலிருந்து அவனியாபுரத்துக்குப் பைக்கை விரட்டி வந்ததே சண்டை போடத்தான்.

உறுமியும் அலறியும் பாடும் டெத் மெட்டல் இசை ஆல்பங்களுக்கு இணையத்தில் ரேங்க் போடும் தங்கப்பாண்டியை மதுரைப் பையன்கள் நீதிபதியாகவே கொண்டாடினார்கள். அந்த மனுஷர் முப்பது ஆல்பங்களை வரிசைப்படுத்தி, விக்ரம் பாடிய ஆல்பத்தைக் கடைசியில் தள்ளியிருந்தார். 'முதலிடம்: மூச்சு சீறியது, உடம்பு முறுக்கேறியது. முப்பதாவது இடம்: கண் சொக்கியது.'

இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு எப்படி இருக்கும்?

"முழுசாக் கேட்டீங்களாண்ணே?" என்று வாசலிலேயே எகிறினான்.

"நான் எங்க தம்பி கேட்டேன்? அந்த இரைச்சலுக்குக் காதுல பஞ்சைல்ல வச்சுக்கிருவேன்!" என்றார் தங்கப்பாண்டி.

"கேக்காமயே ரேங்க் போட்டீங்களா?"

"கேட்டவன் கொல்லையில நிக்கிறான். வாங்க."

கொல்லையில் ஒரு ஸ்பீக்கருக்கு எதிரே, திமில் பருத்த ஜல்லிக்கட்டுக் காளை நின்றது.

"பொங்கலுக்கு வாடிவாசல்ல சீறிக்கிட்டு எறங்கணும்ல? அதுக்குத்தான் ஒவ்வொரு ஆல்பமாப் போட்டுப் பாத்தேன். எதுக்கு எம்புட்டுச் சீறுறான்னு எழுதினேன். அம்புட்டுத்தான்."

"எங்க ஆல்பத்தை இப்பப் போடுங்க" என்றான் விக்ரம், விடாமல்.

ஸ்பீக்கரில் அவன் குரல் உறுமியது. காளை முன்னங்காலை மடக்கிப் படுத்து, அவனுடைய ஷூவின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

விக்ரமின் முகம் சுருங்கியதைப் பார்த்துத் தங்கப்பாண்டி அவன் முதுகில் தட்டினார்.

"கொறையா நெனைக்காதீங்க தம்பி. முதலிடத்து ஆல்பத்தை ஒருக்கத்தான் போட்டேன், கயித்த அத்துக்கிட்டு பைபாஸ் வரைக்கும் ஓடிட்டான். உங்களுதத்தான் தெனமும் போடுறோம். உங்க குரல் இல்லாட்டி இவனும் தூங்கமாட்டான், எங்க வீட்டுத் தொட்டில் புள்ளையும் தூங்காது."