பன்னிரண்டு நிமிடம்

கப்பல் படிவங்களைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். தூத்துக்குடி அலுவலகத்தில் முதல் ஆளாய் வந்து நின்றார் கஸ்பார். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணி ஒன்றை ஓட்டும் தண்டல் அவர். கருத்துக் கேட்க அங்கே மனிதர் எவரும் இல்லை. சுவரில் இருந்த பெட்டிதான் பேசியது.

"பாதை மாற்றப் படிவத்தை நிரப்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்பது எங்கள் மதிப்பீடு. இது சரியா?"

கஸ்பார் பெட்டியை நெருங்கிப் போய் நின்றார்.

"எங்க சமையல்காரர் சிலுவை நடுக்கடல்ல நெஞ்சப் புடிச்சிட்டு விழுந்தாரு. கரைக்குத் திருப்பலாம்னா, ஒம்ம படிவத்த முடிக்காம சுக்கான் அசைய மாட்டேங்கு. ஒரு கையால அவரு நெஞ்ச அமுக்கிக்கிட்டு, மறு கையால ஒமக்குப் பதில் போட்டேன். அறுபது கேள்வில அம்பத்தெட்டுக்கு வந்தாச்சு. அப்பதான் அவரு மூச்சு நின்னுட்டு. அவரு கையில கட்டியிருந்த நாடி பாக்குற பட்டை அத ஒமக்குச் சொல்லிட்டு. ஒடனே, 'ஆள் எண்ணிக்கை மாறிவிட்டது, முதலிலிருந்து நிரப்பவும்'னு சொன்னீரே! ஒம்ம ஒரு மனுசி பெத்திருந்தா அப்படிச் சொல்லுவீரா?"

பெட்டி கொஞ்சமும் தயங்கவில்லை.

"கருத்துக்கு நன்றி. பத்துப் பேருக்குப் பதில் ஒன்பது பேர் என்பதால், இரண்டாம் முறை பதினொரு நிமிடத்தில் முடித்திருக்கிறீர்கள். மதிப்பீட்டைப் பதினொன்றாகக் குறைக்கிறோம்."

கஸ்பார் அதன் முகத்திலேயே காறித் துப்பினார். பெட்டியின் கண்ணாடித் திரையில் எச்சில் மெல்ல வழிந்து இறங்கியது. அதைத் துடைக்கவும் அங்கே மனிதர் எவரும் இல்லை.