ஓரத்தில் ஸ்வாதி

"ஏட்டி, இன்னும் கொஞ்சம் ஓரமாப் போ" என்றான் நம்பிராஜன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் நின்றிருந்த ஸ்வாதிக்குக் கோபம் வந்தது. "கல்யாண நாளும் அதுவுமா என்னைய ஓரத்துலயே தள்ளுதிய. பாதிப் படம் வெறும் பூவாத்தான் இருக்கு. நடுவுல நிக்க வச்சு ஒண்ணு எடுத்தா என்ன?"

"இதுதான் கம்போசிஷன். கையை அந்தப் பக்கம் நீட்டி, லேசா மேல பாத்துச் சிரி."

"ஆளே இல்லாத பக்கம் பாத்து எப்படிச் சிரிக்க?" என்று முணுமுணுத்தாலும் சொன்னபடியே செய்தாள்.

ஸ்வாதியோடு தென்காசியில் தன் ஸ்டூடியோவுக்கு வந்ததும் நம்பிராஜன் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தான். கூடவே இன்னொரு படத்தையும் திறந்தான். லடாக் பனிமலையில் ராணுவ உடையோடு முத்துச்செல்வம், கையை நீட்டி, லேசாகக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"லீவு கிடைக்கலயாம். மாப்பிள்ளை நேத்து அனுப்பினாரு. படத்துலயாவது உன் பக்கத்துல நிக்கணுமாம்."

பனியை அழித்துவிட்டு, முத்துச்செல்வத்தைப் பூக்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு கைகளும் சேர்ந்தன.

ஸ்வாதி கொஞ்ச நேரம் தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரொம்பத் தள்ளி நிக்காரு. இன்னும் கொஞ்சம் ஒட்டி நிக்க வைங்கண்ணே."