கருடனுக்கு நாற்பது புள்ளி

"கருடன் மேல மட்டும் கை வெக்காத நைனா. கீறபடியே வுட்டுடு."

கம்பெனியின் பழைய ஆள் ஹஸன் பாய் காலையிலிருந்து மூன்றாவது முறையாக ரெஹானிடம் இதைச் சொல்கிறார். ஏன் என்று கேட்டால் முதலாளி அறைக் கதவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்.

பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது மேஜையில் காய் வைத்து ஆடும் போர் விளையாட்டுகளைத் தயாரிக்கும் அந்தக் கம்பெனி. ரெஹான் சேர்ந்து மூன்று வாரம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவனுக்கு முன்னால் இருந்த பிரணவ், முதலாளி தேர்ந்தெடுத்த விளையாட்டுப் பெட்டியின் நிறம் கொஞ்சம் டல் என்று சொன்னான். மறுநாள் அவனுடைய நாற்காலியில் யாரும் இல்லை.

முதலாளி கஸ்தூரிரங்கனின் அறை வாசலில் 'தலைமைப் போர்ச் சிற்பி' என்று பித்தளைப் பலகை. அவர் ராணுவத்துக்கு மிக அருகில் போனது குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் பார்த்தபோதுதான்.

அவருடைய மாபெரும் படைப்பு 'ருத்ர கருடன்'. தரையில் நடக்கும் இரும்பு ராட்சதன். கைகால்களை மடக்கினால் போர் விமானம். ஆடுகிற இருவரும் ஆளுக்கு நூறு புள்ளிக்குள் படை சேர்க்க வேண்டும். கருடனின் விலை இருபது புள்ளி. எந்தப் போர்ப் பொறிக்கு எத்தனை புள்ளி நியாயம் என்று சொல்வதுதான் ரெஹானின் வேலை. அன்று மாலை நான்கு மணிக்கு விதிப் புத்தகம் அச்சுக்காக சிவகாசி போகிறது.

சோதனை ஆட்ட நோட்டை மறுபடி புரட்டினான். கருடனை வைத்து முதலாளி ஆடியது நாற்பத்தோரு ஆட்டம், வென்றதும் நாற்பத்தொன்று. எதிராளியின் பெயர் ஹஸன் பாய், மற்ற ஊழியர்கள் என்று மாறியது, முடிவு மாறவில்லை. இப்படியே அச்சானால் வாங்குகிறவர்கள் எல்லாரும் கருடனையே எடுப்பார்கள். ஒரே வாரத்தில் விளையாட்டு சலித்துவிடும். புள்ளி போட்ட புண்ணியவான் யார் என்று தேடுவார்கள். சொன்னால் இன்றைக்கே வேலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த மாதம்.

மூன்றரைக்குக் கதவைத் தட்டினான்.

கருடனுக்கு நாற்பது புள்ளி வேண்டும், உருமாறுகிற சுற்றில் அது சுடக்கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பக்கம் துடைத்தார். பிறகு மறுபக்கம்.

"அதாவது, இருபது புள்ளியில என் கருடனை ஒருத்தராலயும் சமாளிக்க முடியலேங்கறே."

"முடியாது சார்."

"அவ்வளவு பலமாவா பண்ணிட்டேன்?" தன்னைக் கண்டு தானே நடுங்கியவர்போல நெஞ்சைத் தடவிக்கொண்டார். "பாவம், ஜனங்களும் ஆடணுமே. நாப்பதுன்னே போட்டுடு."

நான்கு மணிக்குப் புத்தகம் சிவகாசிக்குப் போயிற்று, ஐயாயிரம் பெட்டிக்கு.

போன உயிர் திரும்பியவனாக ரெஹான் வெளியே வந்து நடந்ததைச் சொன்னான். ஹஸன் பாயின் முகம் வெளுத்தது. அவன் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அந்தக் கருடன் அஞ்சு புள்ளிக்கே தேறாது நைனா," என்றார் கிசுகிசுப்பாக. "நாப்பத்தோரு தடவையும் அவரு ஜெயிக்கல. நாங்க தோத்தோம்."