பத்தொன்பதாவது வேலி

இருநூறு வருடமாக நடக்கும் வேலி தாண்டும் குதிரைப் பந்தயம் அது. எந்தக் குதிரை எந்த வேலியில் விழுந்து சாகும் என்று முந்தின நாளே கணினி சொல்லிவிடும். இதுவரை தவறியதில்லை. இந்த முறை நீலாவுக்குப் பத்தொன்பதாவது வேலி என்று வந்திருந்தது.

நீலாவை ஏழு வருடமாக வளர்த்த லாசர், செத்த குதிரையை மூடும் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வேலியருகே போய் நின்றார். கால்நடை டாக்டரம்மா ஊசியோடு அங்கே ஏற்கெனவே காத்திருந்தார்.

"உங்களுக்கு இது எத்தனாவது குதிரைண்ணே?"

"எண்ணுறத விட்டுட்டேம்மா."

நீலா வந்தது. வேலியைச் சுத்தமாகத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனது.

"பிழைச்சிருச்சுண்ணே! சந்தோஷமா இல்லையா?"

லாசர் தார்ப்பாயை மெதுவாக மடித்தார்.

"பசியோட வரும். சாயங்காலத்துக்குக் கொள்ளு ஊறவைக்கலையேம்மா நான்."