நிற்காமல் போனவர்கள்

பூட்டுக்கடையில் தொங்கும் சாவிகளில் காலை வெயில் பட்டுச் சுவரெல்லாம் மினுங்குகிறது. பூட்டுக்காரர் சாவி அராவுகிறார்; இரும்புத்தூள் மேசையில் உதிர்கிறது. கடையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி, மடிக்கணினி முன்னால் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். "பவுன்ஸ் ரேட் எகிறிக் கிடக்குங்க. அதாவது, தளத்துக்கு வர்றவங்க எல்லாம் முதல் பக்கத்தோட ஓடிடறாங்க. ஆசை ஆசையா எழுதினதை யாருமே படிக்கல. போன் நம்பரைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிட்டா, படிச்சுக்கிட்டே வருவாங்கல்ல?" அவர் பதில் சொல்வதற்குள் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வருகிறாள். "அண்ணே, நேத்து வந்து கதவைத் திறந்து விட்டீங்களே, உள்ள மாட்டிக்கிட்டவன் இவன்தான். அடுப்பு வேற எரிஞ்சிட்டிருந்துச்சு." மனைவி தயங்கிக் கேட்கிறாள்: "எங்க இணையதளம் பார்த்துத்தானே கூப்பிட்டீங்க? அதுல என்ன படிச்சீங்க?" "எங்கக்கா படிக்கிறது? இவன் உள்ள கத்திட்டிருக்கான். உங்க பக்கத்தைத் திறந்ததும் மேலயே நம்பர் இருந்துச்சு, அமுக்கினேன். அவ்வளவுதான்." குழந்தை ஒரு சாவிக்கொத்தை எட்டிப் பிடித்துக் கலகலவென ஆட்டுகிறது. மனைவி மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து வருகிறாள். பிறகு, "ரொம்ப நன்றிம்மா" என்கிறாள். வந்தவள் திகைக்கிறாள். "நான்தானேக்கா சொல்லணும், நீங்க எதுக்குச் சொல்றீங்க?" மனைவி கணவரைப் பார்த்து, "நம்பர் மேலயே இருக்கட்டுங்க" என்கிறாள். குழந்தையிடம் இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். அது தாவி வருகிறது.