கூடத்து ஜாடி

பெண் பார்க்க வந்தவர்களின் கண் நேராகக் கூடத்து ஜாடிக்குத்தான் போனது. பட்டறையில் மிஞ்சும் நச்சுக் கழிவை அதன் உரிமையாளர் தம் வீட்டுக் கூடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, அம்பத்தூரில் சம்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, டம்ளரும் கையுமாக ஜாடியருகே போனார். அடியில் ஒரு விரற்கடை கூட இல்லை.

“காலியா இருக்கே. சர்க்யூட் போர்டு பட்டறை ஓடலைங்களா? எங்க பட்டறை ஓடுற ஓட்டத்துக்கு வீட்டுல மூணாவது ஜாடி வைக்க இடமில்ல.”

பெண்ணின் அம்மா மரகதவல்லிக்குச் சுருக்கென்றது. ஜாடி நிறையாமலிருக்க அவளும் மகள் தமயந்தியும் நான்கு வருடம் பட்ட பாடு கொஞ்சமா?

“நல்லா ஓடுதுங்க. போர்டை அரிக்கிற அமிலத்தை நாங்க கொட்டுறதில்ல. அதுல கரைஞ்ச தாமிரத்தைப் பிரிச்சு எடுத்துட்டு, திரும்ப அந்த அமிலத்தையே பயன்படுத்துறோம்.”

“எடுத்த தாமிரம்?”

தமயந்தி முந்திக்கொண்டாள். “உங்க கையில இருக்கிற டம்ளர்தான் அத்தை.”

அந்த அம்மாள் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிச்சத் தண்ணீரை வாய் வைத்தே குடித்துவிட்டு, தமயந்தியிடம் நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் கொண்டாம்மா.”